ஒரு பக்க மனு

ஃபாரத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது. குவாரி பஸ்தி என்ற அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அதுதான் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாயத்துச் செயலர் பிரவீன்குமார் வந்து, அழகம்மா வீட்டுப் பலாமரத்தடியில் ஆட்களைக் கூட்டி, அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். "இவ்ளோதான். ஆறு கேள்வி. தமிழ்லயே அடிச்சிருக்கு. நாலாவுலேர்ந்து பஸ்திக்குப் பைப்பு, ஒரு டேங்க், அதுக்கான மானியம். கூட ஜெராக்ஸ் அது இதுன்னு ஒரு காகசும் வைக்க வேண்டாம். நாங்களே வந்து கண்ணால பாத்துக்குவோம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள திக்லிபூர் ஆபீஸ்ல சேந்துரணும்."

மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு அந்தமானில் நாலா என்றுதான் பெயர். வங்காளியும் தெலுங்கரும் அப்படித்தான் சொல்வார்கள், தமிழரும் அப்படித்தான். மார்ச் பிறந்துவிட்டால் ரோட்டுக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும், அதுவும் அரைமணி நேரம். மற்ற நாளெல்லாம் பெண்கள் குடத்தோடு நாலாவுக்கு ஏறி இறங்க வேண்டியதுதான். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி நடுங்கும்.

"ஒரு பக்கமா?" என்று அழகம்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இது பக்கா ஃபாரம்தானா, இல்ல மாடலா?"

"பக்காதான்மா."

"ஸ்டாம்பு?"

"வேண்டாம்."

"போட்டோ?"

"வேண்டாம்மா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நம்பாமல் சிரித்த சிரிப்பு அது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே பைப்புக்குப் பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தீவில் குடியிருப்பவர் என்பதற்கான தீவுவாசி அட்டையின் நகல் இல்லை என்று ஒரு தரம் திரும்பியது. நகல் மங்கலாக இருக்கிறது என்று மறுபடி திரும்பியது. அதன் பிறகு உறுதிமொழிப் பத்திரம் கேட்டு வந்தது. கடைசியாகத் திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டிருந்த பெரியவர் செத்துப் போயிருந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழை வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதோடு விட்டாயிற்று.

ஃபாரத்தைப் பக்கிரிசாமி வாங்கிக்கொண்டார். ரோடு வேலையில் தார் காய்ச்சும் கூலி மஸ்தூர். நாற்பத்திமூன்று வயதில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தவர். பஸ்தியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் போர்ட் பிளேரில் இருக்கிறார்கள், இல்லையென்றால் மெயின்லேண்டில். இங்கே இருப்பவர்களில் உட்கார்ந்து பொறுமையாக எழுதக்கூடியவர் இவர்தான். ஒவ்வொரு எழுத்தையும் கல்லைப் பார்த்துப் பார்த்து வைக்கிற மாதிரி வைப்பார். சீக்கிரம் எழுத வராது.

முதல் இரண்டு கேள்விகளில் தடையில்லை. இடத்தின் பெயர், தண்ணீருக்கு இப்போது என்ன செய்கிறீர்கள். மூன்றாவதில் நின்றுவிட்டார். 'இந்தத் தண்ணீரை நம்பி எத்தனை வீடுகள் உள்ளன?'

யார் பேரில் வீடு என்று கேட்கவில்லை. நிலம் யாருடையது, எந்த வருஷம் வந்தீர்கள், அட்டை உண்டா, எதுவும் கேட்கவில்லை. எத்தனை வீடு, அவ்வளவுதான்.

மனக்கணக்கில் எழுதப் பயந்து, எழுந்துபோய் எண்ணினார். கீழ் வரிசை, நடு வரிசை, குவாரி ஓரத்து வரிசை எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது. அதற்கு மேலே, காட்டுக்கும் நாலாவுக்கும் நடுவில் தகரமும் தார்ப்பாயும் போட்ட நாலு. விழுப்புரம் பக்கமிருந்து காண்ட்ராக்டர் கூட்டிவந்து, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப்போன ஆட்கள். ஆறேழு வருஷமாக இருக்கிறார்கள். அட்டை கிடையாது, பட்டா கிடையாது. ஆனால் தினம் காலையில் அதே நாலாவில்தான் குடம் முக்குகிறார்கள். அவர் 23 என்று எழுதினார். எழுதிவிட்டு இரண்டு தரம் அதன்மேல் ஊதினார், மை காயட்டும் என்று.

"வேலய விட்டுட்டு வீடு எண்ணப் போனீங்களாக்கும்," என்றாள் அவர் மனைவி புஷ்பம்.

"எண்ணாம எழுதுனா பொய்யால்ல ஆயிரும்."

"ஆமா. கவர்மெண்ட்டு ஒங்க எண்ணிக்கைக்குத்தான் காத்துக்கிட்டு கெடக்கு."

செவ்வாய்க்கிழமை அழகம்மாவுக்குத் திக்லிபூரில் மகளிர் குழு மீட்டிங். போகிற கையோடு கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கிரிசாமி வேலை முடிந்து ரோட்டு முக்கில் இறங்கியபோது, அவள் கடையில் தேங்காய்ப் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் பெரிய காரியம் சாதித்த களை.

"குடுத்துட்டேன்ணே. சும்மா குடுக்கல. அந்தப் பொண்ணு இன்னும் சின்னப் புள்ள, அதுக்கு ஆபீஸப் பத்தி என்ன தெரியும்? நான் வீடு வீடாப் போயி ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து வாங்கி, கவர் போட்டுல்ல வச்சேன். ஒங்க வீட்டுக் கார்ட புஷ்பந்தான் குடுத்துச்சு. இனி எவன் திருப்பி அனுப்புறான்னு பாத்துருவோம்!"

"எந்தப் பொண்ணு?"

"ஃபாரம் வாங்குற பொண்ணு. வேண்டாம்மா வேண்டாம்மான்னுச்சு. வச்சுக்கடி, பின்னால நீயே கேப்பேன்னு திணிச்சுட்டு வந்தேன்."

பக்கிரிசாமியின் சோற்றுத் தூக்கு கையிலேயே நின்றது. "எத்தன கார்டு?"

"பத்தொன்பது."

"ஃபாரத்துல என்ன எழுதியிருக்கு?"

அவளுக்குப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவாள். "என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

"இருபத்திமூணு."

அவள் புண்ணாக்குப் பையைக் கீழே வைத்தாள். "மேல இருக்குறவங்களயுமா எழுதுனீங்க?"

"வீடுன்னுதான கேட்டுருக்கான்."

"வீடாண்ணே அது? தார்ப்பாயி! ஆபீசுக்கே தெரியாது அவங்க இங்க இருக்காங்கன்னு. நாலு பேருக்காகப் பத்தொன்பது குடும்பமும் காயணுமா? எழுத்துப் படிச்சதும் படிச்சீங்க, ஊரு மொத்தத்தையும் எழுதிட்டீங்க."

பக்கிரிசாமி தூக்கோடு நடந்தார். வீட்டுக்குப் போனவர் கால் கழுவக்கூட உட்காரவில்லை. நடுவறைக்கும் கொல்லைக்குமாக நடந்தார். சாப்பிடும்போது பருப்பு ஊற்றியதா ரசம் ஊற்றியதா தெரியவில்லை. "ஒக்காருங்களேன், பாக்குற எனக்குத் தல சுத்துது," என்று புஷ்பம் சொல்லிக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் பத்தொன்பது என்றும் இருபத்திமூன்று என்றும் இரண்டு பேர் காதில் மாறி மாறிக் கத்துவதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஹாஜரிக் கூலி போனாலும் போகட்டும் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தார். பஸ் நின்று நின்று போனது. பாக்கு மூட்டை ஏற்ற ஒரு இடத்தில் கால்மணி நேரம். டிரைவர் இறங்கி டீ குடித்தான். பக்கிரிசாமி உட்கார்ந்த இடத்திலேயே கால் பெருவிரலால் செருப்பை நோண்டிக்கொண்டு இருந்தார்.

ஆபீசில் நந்தகுமார் என்பவர் இருந்தார். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர். தலை நிமிராமலே பேசுகிற ஆள். அவர் மேஜையின் இடப்பக்கம் ஒரு தட்டில் ஒற்றைத் தாள்கள் அடுக்கியிருந்தன. வலப்பக்கத் தட்டில் கட்டுக் கட்டாகக் கோப்புகள்.

"குவாரி பஸ்தி. இந்தா இருக்கு." அவர் எடுத்தது வலப்பக்கத் தட்டிலிருந்து.

"அது ஏன் சார் அங்க இருக்கு?"

"இணைப்பு வச்சிருக்கீங்களே. தனித் தாளா வந்தது எல்லாம் திங்கட்கிழமை ஃபீல்டுக்குப் போகுது. நேர்ல பாத்து எழுதிருவாங்க. இணைப்பு வந்துட்டா நான் தாளையும் இணைப்பையும் ஒத்துப் பாக்கணும், அது பழைய ரூல். ஒத்துப் பாத்தா ஒங்களுது ஒதைக்குது. கார்டு பத்தொன்பது, வீடு இருபத்திமூணு. இத மேல அனுப்பினா விளக்கம் கேப்பாங்க. விளக்கம் போயி வர்றதுக்குள்ள அடுத்த மழ பெஞ்சு முடிஞ்சுரும்."

"இணைப்பு வேண்டாம்னுதான சார் சொன்னீங்க."

நந்தகுமார் முதல்தடவையாக நிமிர்ந்தார். "அண்ணாச்சி, முப்பத்தோரு பஸ்தி மனு வந்துருக்கு. அதுல பாதிக்கு மேல எப்படி வந்துருக்கு தெரியுமா? கட்டோட. ஒருத்தர் கல்யாணப் பத்திரிகை வச்சிருக்காரு. எத்தனவாட்டி சொன்னாலும் எவனும் நம்ப மாட்டேங்கறான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. இருபத்திமூண அடிச்சுட்டுப் பத்தொம்பதுன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. ஒத்துப்போயிரும். இப்பவே தள்ளி விட்டுர்றேன்."

பேனாவை நீட்டினார்.

பக்கிரிசாமி பேனாவை வாங்கினார். தன் கையால் வைத்த 2-ம் 3-ம் அவரைப் பார்த்தன. ஒரு கோடு இழுத்தால் போதும். பத்தொன்பது வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும், புஷ்பத்தின் முட்டி நடுங்காது. பேனா முனை தாளைத் தொடப்போனது. தொடவில்லை.

"வேற வழி?"

"வச்சவங்களே வந்து எழுதிக் குடுத்து இணைப்ப எடுத்துக்கணும். நாலு மணிக்குள்ள."

வெளியே வந்து அழகம்மாவுக்குப் போன் போட்டார். சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. ஒரு மணி பஸ்ஸில் வா என்பது மட்டும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்காருவதும், எழுந்துபோய்க் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். பியூன்கூடக் கேட்டுவிட்டான், "க்யா அண்ணா, பிரசவ வார்டா இது?"

மூன்றரை மணிக்கு அழகம்மா வந்தாள். தனியாக வரவில்லை. கூட மேல் வரிசைக் குழந்தைவேலு. முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, கோர்ட்டுக்கு வந்தவன்போல் நின்றான்.

"இவன் வாயாலயே கேளுங்க," என்றாள் அழகம்மா. "சொல்லுடா."

"எங்கள எழுதாதீங்கண்ணே," என்றான் குழந்தைவேலு. "கண்ணுல படாம இருந்துட்டாப் போதும். போன வருசம் கீழ் ரோட்டுல மூணு குடிசையப் பிரிச்சாங்க, நீங்களும்தான் பாத்தீங்க. தண்ணிக்கு நாங்க எப்பவும்போல ஏறிக்கிறோம்."

"கேட்டீங்களா? அவனே வேண்டாங்கறான். நீங்க யாரு அவனுக்குப் பைப்பு போட?"

பக்கிரிசாமிக்கு முகம் சூடேறியது. வீட்டை எண்ணப் போனபோது அந்த நாலு வாசலிலும் ஒருத்தரிடமும் அவர் கேட்கவில்லை. எட்ட நின்று விரல் விட்டு எண்ணிவிட்டு வந்துவிட்டார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் கேட்கவே தோன்றவில்லை.

"கேக்காம எழுதுனது என் தப்புதான்," என்றார்.

"அப்ப அடிங்க."

அடித்திருப்பார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நந்தகுமார்தான் குறுக்கே பேசினார்.

"நான் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன். பத்தொம்பதுன்னு எழுதினாலும் ஒரு நாள் ஆள் வந்து பாக்கத்தான் போகுது. வர்றவங்க கண்ண மூடிக்கிட்டா மலையேறுவாங்க? மேல நாலு கூரை தெரியும். கைல பத்தொம்பது கார்டு இருக்கும். எந்த வீட்டுக்குக் காகஸ் இல்லன்னு இந்தக் கட்டே காட்டிக் குடுத்துரும். கட்டு இல்லாம போனா, தாள்ல பேரே கெடையாது. இந்த ஃபாரம் வீட்ட மட்டும்தான் கேக்குது."

அழகம்மா குழந்தைவேலுவைப் பார்த்தாள், பிறகு கட்டைப் பார்த்தாள். பிரச்சினை தன் கவருக்குள் இருக்கிறது என்பதை அவளால் அவ்வளவு சீக்கிரம் விழுங்க முடியவில்லை.

"எல்லாரையும் வெயில்ல நிக்கவச்சு வாங்குன கையெழுத்துய்யா இது," என்றாள்.

"தெரியும்மா," என்றார் நந்தகுமார்.

"காகஸ் இல்லாமக் குடுத்து, நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டா? அப்ப ஊரு என்னயத்தான் கேக்கும்."

"என்னையும் கேக்கும்," என்றார் பக்கிரிசாமி. "ரெண்டு பேருமா நிப்போம்."

குழந்தைவேலு தரையைப் பார்த்தபடி சொன்னான். "எழுதுனத எழுதுனபடி விடுங்கண்ணே. கட்டு இருந்தாத்தான் எங்களுக்கு ஆபத்துன்னா, அத எடுத்துருங்க. ஆனா ஒண்ணு. ஆபீசர் வர்ற அன்னிக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

மணி மூன்றே முக்கால். கடிதம் எழுத வேண்டும், எழுதுகிற ஆள் பக்கிரிசாமி. நந்தகுமார் வெள்ளைத் தாளை நீட்டினார். தான் எழுதித்தரக் கூடாது என்றார். பியூன் அந்தக் கோடியிலிருந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தான். ஒவ்வொரு ஜன்னல் அடிக்கும்போதும் பக்கிரிசாமிக்குப் பேனா ஒரு தரம் குதித்தது. 'ஐயா' என்று எழுதி முடிப்பதற்குள் இரண்டு ஜன்னல் போய்விட்டது.

"ஜல்திண்ணே," என்றாள் அழகம்மா.

"எழுத்து ஓடி வராதும்மா எனக்கு. நடந்துதான் வரும்."

எழுதினார். 'அழகம்மாவாகிய நான் வைத்த பத்தொன்பது ஜெராக்சையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஃபாரத்தில் எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.' அவள் கீழே தன் பெயரைப் போட்டாள். நாலுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. நந்தகுமார் முத்திரை குத்தி, கட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்து, அந்த ஒற்றைத் தாளை இடப்பக்கத் தட்டில் போட்டார். காற்றில் அது ஓரம் தூக்கியது. மேலே ஒரு பேப்பர்வெயிட் வைத்தார்.

பஸ்ஸில் அழகம்மா ஜெராக்ஸ்களை மடியில் வைத்து இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் எதையோ தொலைத்துவிட்டுப் போகிறவள்போலவே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பக்கிரிசாமிக்கு நிலைகொள்ளவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றார். திங்கட்கிழமை பத்து மணிக்கு உண்மையாகவே ஜீப் வந்தது. பிரவீன்குமாரும், நளினி என்ற ஜூனியர் இன்ஜினியர் அம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மாவின் காலில் கான்வாஸ் ஷூ, கையில் அட்டையில் செருகிய அந்த ஒரு தாள். வேறு ஒன்றும் இல்லை.

கீழ் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலையும் கடந்து எண்ணிக்கொண்டே ஏறினாள். பின்னால் பாதி பஸ்தி நடந்தது. பத்தொன்பதாவது வீடு முடிந்ததும் வழி குறுகியது. நளினி நின்று மேலே பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னும் இருக்கும்மா," என்றாள் அழகம்மா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். "பாத்து வாங்க, கல்லு வழுக்கும்."

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

நளினி தாளைப் பார்த்தாள். "இருபத்திமூணுன்னு எழுதியிருக்கு?"

அந்தப் பக்கம் மிச்சமிருந்தது குழந்தைவேலுவின் இடம் மட்டும்தான். அதை வீடு என்று யாரும் சொல்ல முடியாது. கொடியில் துணி இல்லை. வாசலில் அடுப்பு இல்லை, குடம் இல்லை. கதவுக்கு முன்னால் விறகை ஆளுயரம் அடுக்கி, தார்ப்பாயை இழுத்து மூடி, பூட்டும் போட்டிருந்தது. பார்த்தால் விறகுக் கொட்டகை. நேற்று முழுக்க அவனும் அவன் மனைவியும் சுமந்திருக்க வேண்டும்.

"இது என்ன?" என்று கேட்டாள் நளினி.

பிரவீன்குமார் பக்கிரிசாமியைப் பார்த்தார். அழகம்மாவும் பார்த்தாள். 'வீடு' என்ற சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு தரம் கேட்காமல் சொல்லியாயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டு நாலாவின் அக்கரையைப் பார்த்தார்.

அங்கே பாக்கு மரத்தடியில் குழந்தைவேலு நின்றிருந்தான். கையில் கத்தி, ஆனால் எதையும் வெட்டவில்லை. அவன் பக்கத்தில் அவன் மனைவி. இரண்டு பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு. எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இருபத்திரண்டு," என்று நளினி பேனாவை எடுத்தாள். "எண்ணிக்கை ஒத்துப்போகலன்னு எழுதணும். அப்புறம் ஆபீஸ்ல என்ன சொல்றாங்களோ பாக்கலாம்."

பேனா தாளுக்கு மேலே நின்றது. பக்கிரிசாமி விரல்களை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நின்றார்.

தண்ணீரில் கால் விழும் சத்தம். குழந்தைவேலு கத்தியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டி, நாலாவைக் கடந்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. விறகை இரண்டு கையாலும் தள்ளினான். கட்டைகள் சரிந்து நளினியின் ஷூ வரைக்கும் உருண்டன. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கதவை உள்ளே தள்ளினான். சுவரில் சாமி படம், மூலையில் சுருட்டிய பாய்கள், வரிசையாக ஐந்து காலிக் குடங்கள்.

"வீடுதாம்மா," என்றான். "நாலு பேரு இருக்கோம்."

நளினி உள்ளே எட்டிப் பார்த்தாள். அட்டை எங்கே என்று கேட்கவில்லை, பட்டா எங்கே என்றும் கேட்கவில்லை. மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். பேனாவை நாலாவது கேள்விக்கு நகர்த்தினாள்.

"வெயில் காலத்துல ஒரு நாளைக்கு எத்தன நட நடக்கறீங்க?"

குழந்தைவேலு முதலில் பக்கிரிசாமியைப் பார்த்தான். அப்புறம் அக்கரையில் நின்ற மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"அவதாம்மா சொல்லணும். நடக்குறது அவதான்."